மடையும் வால்வும்: தாம்பரத்தில் நீர் அடைத்த கதை

"நாளை காலை 10 மணி முதல் 1 மணி வரை தண்ணீர் வராது. தேவையான நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளவும்." தாம்பரம், சேலையூர், சிட்லபாக்கம், குரோம்பேட்டை பக்கங்களில் 1980களிலும் 90களிலும் எழுந்த பழைய அடுக்ககங்களில், மின்மீட்டர்ப் பலகைக்கு அருகே இப்படியொரு தாள் அடிக்கடி ஒட்டப்படும். மூன்றாம் மாடியில் ஒரு குழாயின் வாஷர் தேய்ந்திருக்கும். அதற்காகப் பன்னிரண்டு வீடுகளுக்குத் தண்ணீர் நிற்கும். பன்னிரண்டு வீட்டாரும் முதல்நாள் இரவே அண்டா, குடம், வாளி என எல்லாவற்றையும் நிரப்பி வைப்பார்கள். மறுநாள் மாலை அதில் பாதியைக் கீழே கொட்டுவார்கள்.

ஒரு வீட்டுப் பழுதுக்கு ஒரு கட்டடமே ஏன் அடைபட வேண்டும்? விடை சுவருக்குள் இருக்கிறது. அக்கால அடுக்ககங்களில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து இறங்கும் குழாய்கள் வீட்டுக்கு ஒன்றாக இறங்குவதில்லை, குளியலறைக்கு ஒன்றாக இறங்குகின்றன. மேல்வீட்டுக் குளியலறை, நடுவீட்டுக் குளியலறை, கீழ்வீட்டுக் குளியலறை மூன்றும் ஒரே செங்குத்துக் குழாயில் கோத்தவை. சமையலறைகளுக்கு இன்னொரு குழாய், பின்புறக் கழிவறைகளுக்கு வேறொன்று. ஆக ஒரு வீட்டுக்குள் நீர் மூன்று நான்கு வாசல்கள் வழியே நுழைகிறது. அவ்வாசல்களில் தனித்தனி அடைப்பான் வைக்கப் பணம் வேண்டும், ஜி.ஐ. குழாயும் பித்தளை வால்வும் அன்று மலிவானவை அல்ல. தனிவீடு கட்டிப் பழகிய மேஸ்திரியும் சிறு புரமோட்டரும் அடுக்ககத்தை மூன்று மாடி உள்ள ஒரே வீடாகவே எண்ணிக் கட்டினார்கள். நிலத்தில் பிரிபடாத பங்கு என்று பத்திரத்தில் எழுதினார்கள். நீரிலும் பிரிபடாத பங்குதான் என்பதைப் பத்திரம் சொல்லவில்லை, குழாய் சொல்லியது.

தொட்டியின் அடியில் உள்ள கேட் வால்வு எளிய கருவி. உள்ளே ஆப்பு வடிவில் ஒரு பித்தளைத் துண்டு. மேலே உள்ள சக்கரத்தைத் திருகினால் அது இறங்கி வழியை அடைக்கும். முழுதாகத் திறந்தோ முழுதாக மூடியோ வைக்க வேண்டும். பாதியில் நிறுத்தினால் விளிம்பு அரித்துப் போகும். எங்கள் பகுதி ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்பு சில ஆண்டுகளில் தண்டின் மரைகளில் சுண்ணாம்பாய்ப் படிந்துவிடும். பத்தாண்டு யாரும் தொடாத வால்வை ஒருநாள் வேகமாகத் திருகினால் தண்டு முறியும், அல்லது ஆப்பு கழன்று உள்ளேயே விழும். வாஷர் மாற்ற வந்தவர் இப்போது வால்வையே மாற்ற வேண்டும். அதற்கு மேலே அடைப்பதற்கோ வேறொன்றும் கிடையாது. தொட்டி நீரையெல்லாம் வெளியேற்ற மனம் வராத குடியிருப்புகளில், ஒருவர் தொட்டிக்குள் இறங்கி, துணி சுற்றிய மரக்கட்டையால் அதன் வாயை உள்ளிருந்தே அடைப்பார். கீழே இன்னொருவர் அவசரமாகப் புதிய வால்வைப் பொருத்துவார்.

நீருக்குள் இறங்கிக் கட்டையால் துளையை அடைக்கும் இந்த வேலை இந்த மண்ணுக்குப் புதியதன்று. தொண்டை மண்டலம் ஏரிகளின் நாடு. ஏரிக்குள், கரையிலிருந்து சற்றுத் தள்ளி, இரண்டு கல்தூண்கள் நிற்பதை இன்றும் பல ஊர்களில் காணலாம். தூண்களுக்கு இடையே குறுக்குக் கற்கள். அவற்றின் துளைகள் வழியே ஒரு நீண்ட தண்டு. தண்டின் அடியில் ஓர் அடைப்பு. அது அமர்ந்திருப்பது ஏரித்தரையில் உள்ள கற்பலகையின் துளையில். தண்டைத் தூக்கினால் நீர் துளை வழியே இறங்கி, கரைக்கு அடியிலுள்ள கால்வாயில் ஓடி மறுபுறம் வயலுக்கு வரும். குமிழி, தூம்பு, மதகு, மடை என்று கல்வெட்டிலும் வழக்கிலும் இதற்கும் இதன் உறுப்புகளுக்கும் பல பெயர்கள். நிறைந்த ஏரியில் நீந்திச் சென்று இதைத் திறக்கவும் மூடவும் வேண்டும். ("மடையன்" என்னும் வசைச்சொல் இப்படி மூழ்கி மடை திறந்தவரிடமிருந்தே வந்தது என்று ஒரு கதை அண்மைக்காலமாக மிகப் பரவியிருக்கிறது. அச்சொல் மடம், மடமை என்பவற்றுடன் சேர்ந்தது. சமையற்காரரைக் குறிக்கும் மடையன் வேறு சொல், மடைப்பள்ளியோடு உறவுடையது. மடை திறந்தவரின் பெருமையை நாட்ட இக்கதை தேவையில்லை.)

செங்கல்பட்டு வட்டாரத்தில் அவருக்கு வழங்கிய பெயர் நீர்க்கட்டி. இப்பெயரிலுள்ள வினையைக் கவனிக்க வேண்டும். "வயலுக்குத் தண்ணீர் கட்டப் போகிறேன்" என்று உழவர் சொன்னால் பாய்ச்சப் போகிறார் என்று பொருள். "கட்டுதல்" என்ற சொல்லோ தடுத்தலையும் குறிப்பது. முரண்போலத் தோன்றும் இது வயலில் நின்று பார்த்தால் தெளிவாகிவிடும். வாய்க்காலில் ஓடும் நீரை ஒரு பாத்திக்குள் திருப்ப, அதற்கு அப்பால் வாய்க்காலை மண்வெட்டியால் ஒரு தட்டு மண் வைத்து அடைக்க வேண்டும். ஓரிடத்தில் அடைப்பதுதான் இன்னோரிடத்தில் திறப்பது. நீரை நிறுத்துவதென்பது இந்த வேளாண்மொழியில் ஒருபோதும் வெறும் நிறுத்தம் அன்று; அடுத்தவருக்கு முறை வந்துவிட்டது என்பதன் அறிவிப்பு. அடுக்ககத்துக் கேட் வால்வு இந்த இலக்கணத்தை அறியாது. அங்கே அடைத்தால் எல்லோருக்கும் அடைபடும், எவருக்கும் திறப்பதில்லை.

மடையை எப்போது திறப்பது, யாருக்கு முதலில், எவ்வளவு நேரம் என்பவை சண்டைக்குரிய கேள்விகள். ஆதலால் அவற்றுக்கு விதிகள் இருந்தன. தாம்பரத்திலிருந்து தெற்கே இரண்டு மணி நேரப் பயணத்தில் உள்ள உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் ஏரி வாரியம் என்றொரு குழுவை அமைப்பதைப் பேசுகின்றன. முப்பது குடும்புகளிலிருந்து குடவோலை வழியே தேர்ந்தெடுப்பு. ஏரி வாரியத்துக்கு ஆறு பேர். பதவிக்காலம் முந்நூற்று அறுபது நாள். இக்கல்வெட்டை ஜனநாயகத்தின் தொட்டில் என்று மேடைகளில் முழங்குவோர், தகுதிப் பட்டியலையும் படிக்க வேண்டும். வரிசெலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும் கேட்ட பிராமண சபை அது. எனினும் அதில் ஒரு விதி என்னை எப்போதும் நிறுத்திவைக்கும். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் குடவோலையில் பெயரிடப்படத் தகுதியற்றவர். நீரைக் கையில் வைத்திருந்தவர் கணக்குச் சொல்லியாக வேண்டும் என்று கல்லில் வெட்டினார்கள்.

வாரியம் மேலே. மடையில் நின்றவர் கீழே. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு நவாபு 1763இல் அளித்த செங்கல்பட்டு ஜாகிரில், தாமஸ் பர்னார்டு என்பவர் 1767 முதல் 1774 வரை ஊர் ஊராக அளந்து கணக்கெடுத்தார். ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்கள். விளைச்சலைப் பங்கிடும் முன்பே களத்தில் யார் யாருக்கு எவ்வளவு நெல் ஒதுக்கப்பட்டது என்பது அதில் தெரிகிறது. நீர்ப்பணிக்கும் ஒரு பங்கு அதில் உண்டு. மற்ற ஊழியங்களைப் போலவே அதுவும் விளைச்சலோடு கட்டப்பட்டிருந்தது. நீர்க்கட்டி வேலை இப்பகுதியில் பெரும்பாலும் தலித் குடிகளிடமே இருந்தது. அவருக்குப் பாசன நிலம் இல்லாததால் எவர் பக்கமும் சாயமாட்டார், ஆகவே நடுவர் ஆக்கப்பட்டார் என்று நீர்ப்பாசன ஆய்வாளர்கள் விளக்குவதுண்டு. பாதி உண்மைதான். ஊருக்கெல்லாம் நீர் பகிர்ந்தவரின் கையில் பாய்ச்சுவதற்கு ஒரு காணி இல்லை என்பது மற்றப் பாதி. 1858இல் சென்னை மாகாண அரசு குடிமராமத்துப் பணிகளுக்கு ஆள்திரட்டக் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்றை இயற்றியது. பங்காகக் கிடைத்த நெல் இல்லாமற்போன இடத்தில் சட்டம் வந்து நின்றது. அது பெரிதாக எதையும் சாதித்ததாகத் தெரியவில்லை.

இனிக் குழாயின் வரலாறு. சென்னைக் கோட்டைக்கு 1772இல் ஏழுகிணற்றிலிருந்து நீர் போயிற்று. செங்குன்றம் ஏரிநீரை நகருக்குக் கொண்டுவரும் திட்டம் 1872இல் செயலுக்கு வந்தது. 1914இல் கீழ்ப்பாக்கத்து வடிகட்டும் நிலையம் எழுந்தது. அதன் பின்னிருந்த பொறியாளர் ஜே. டபிள்யூ. மேட்லியின் பெயர் தியாகராய நகரில் ஒரு சாலையாக நிற்கிறது. இவ்வளவும் நகரத்துக் கதை. நமக்கு வேண்டியது குழாயோடு கூட வந்த ஒரு சிறிய பதவி. விக்டோரியா காலத்து இலண்டனில் தண்ணீர்க் கம்பெனிகள் நாள் முழுதும் நீர் தருவதில்லை. தெருவுக்குச் சில மணி நேரம். ஒருவர் நீண்ட இரும்புச் சாவியுடன் வந்து தெருக்குழாயைத் திறப்பார், நேரம் முடிந்ததும் மூடிவிட்டுப் போவார். அவர் பெயர் டர்ன்காக். 1852இலேயே தொடர்ச்சியான வழங்கலைச் சட்டம் வலியுறுத்தியும் அந்நூற்றாண்டின் இறுதிவரை அந்நகரின் பல பகுதிகள் அவர் வரவை நோக்கியே இருந்தன. திருகி மூடும் குழாய்க்கு ராதர்ஹாம் ஊரின் கெஸ்ட் அண்ட் கிரைம்ஸ் நிறுவனம் காப்புரிமை பெற்றது 1845இல். இன்று நம் குளியலறையில் தேயும் வாஷரின் முன்னோர் அங்கேதான்.

டர்ன்காக் என்ற அப்பதவிப் பெயர் நம் நகராட்சிகளின் பணியாளர் பட்டியலுக்கும் வந்து சேர்ந்தது. மக்கள் வாயில் அவர் "வால்வு மேன்" ஆனார். மும்பையில் அவரைச் சாவிவாலா என்கிறார்கள். அந்நகரின் நீர் அரசியலை ஆராய்ந்த லிசா பியார்க்மனின் நூலும் நிகில் ஆனந்தின் நூலும் சாவி திருகுபவர்களைப் பக்கம் பக்கமாகப் பின்தொடர்கின்றன. இலண்டனில் அப்பதவி மறைந்துவிட்டது. இங்கே நிலைத்தது. நீர்க்கட்டிக்குப் பின் வந்தவர் என்று அவரை யாரும் எண்ணவில்லை; ஆனால் வேலை அதுவே. இந்தத் தெருவை அடைத்து அந்தத் தெருவைத் திறப்பவர் அவர்.

தாம்பரத்தின் கதையில் இவ்விரு மரபுகளும் ஒரு தலைமுறைக்காலம் அருகருகே இருந்தன. 1928இல் டாக்டர் சவுரி முத்துவின் காசநோய் மருத்துவமனை, 1931இல் கடற்கரை–தாம்பரம் மின்ரயில், 1937இல் கிறித்தவக் கல்லூரி என்று ஊர் மெல்ல வளர்ந்தபோதும், சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், மாடம்பாக்கம், முடிச்சூர் எல்லாம் ஏரிப்பாசன ஊர்களே. 1964இல் தாம்பரம் நகராட்சியாயிற்று. பாலாற்றுப் படுகையில் கிணறு தோண்டிக் குழாய்வழி நீர் கொண்டுவந்தார்கள். அது போதவில்லை, போதாததைக் கிணறும், பிறகு ஆழ்துளைக் கிணறும், பிறகு லாரியும் நிரப்பின. 1978இல் அமைந்த சென்னைக் குடிநீர் வாரியத்தின் எல்லைக்கு வெளியே, ஆனால் சென்னையில் வேலைபார்ப்போரின் உறைவிடமாக இப்பகுதி பெருகியது. ஏரிக்குக் கீழே இருந்த வயல்கள் மனைகளாயின. சிட்லபாக்கத்தின் உபரி செம்பாக்கத்துக்கும், செம்பாக்கத்தின் உபரி நன்மங்கலத்துக்கும், அங்கிருந்து கீழ்க்கட்டளை, நாராயணபுரம் வழியே பள்ளிக்கரணைச் சதுப்புக்கும் போகும் சங்கிலியில் கலங்கல்கள் இருந்தன, மதகுகள் இருந்தன. மதகு திறந்தால் பாய வயல் இல்லை. எவரும் அவற்றை மூடவும் இல்லை. திறக்க ஆளில்லாமல் போனது, அவ்வளவே. நீர்க்கட்டியின் மக்கள் எங்கே போனார்கள் என்று எந்த மனைப்பிரிவு வரைபடமும் சொல்லாது.

பெரிய அடைப்புகளும் இக்காலத்தில் நிகழ்ந்தன. 2003–04 வறட்சியில் ஏரிகள் வற்றியபோது சென்னை மாநகரின் குழாய்நீர் மாதக்கணக்கில் நின்றுபோய், லாரிகளே நகரத்தின் குழாயாயின. 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் நீர் வந்தது. இவற்றை நாம் பஞ்சம் என்று நினைவில் வைத்திருக்கிறோம். நீரை நிறுத்துவதில் யார் முடிவெடுத்தார்கள், எந்தத் தெரு முதலில் நின்றது, எங்கே லாரி கடைசியாக வந்தது என்ற கேள்விகளை வரலாறாக யாரும் எழுதிவைத்ததாக எனக்குத் தெரியவில்லை. எழுதவேண்டியவை அவைதாம்.

இதற்கு எதிர்முனை 2015 டிசம்பர். அம்மாதம் 2ஆம் தேதி காலையோடு முடிந்த இருபத்துநான்கு மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. செம்பரம்பாக்கம் ஏரியின் மதகுகள் நொடிக்கு 29,000 கன அடி வரை திறக்கப்பட்டன. எப்போது திறந்திருக்க வேண்டும், முன்பே சிறிது சிறிதாக விட்டிருக்கலாமா, திறக்கும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்ற வாதம் ஆண்டுக்கணக்கில் நடந்தது. கணக்கு மற்றும் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டபோது ஏரியைக் கையாண்ட விதத்தைக் கடுமையாகக் குறைகூறியது. அரசு தரப்பு மழையைக் காரணம் காட்டியது. முந்நூற்று அறுபது நாள் கழித்துக் கணக்குக் காட்டாதவருக்கு மறுபடி இடமில்லை என்ற கல்வெட்டு விதி அந்நாட்களில் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வந்தது. ஆனால் ஒன்றை இங்கே பிரித்துச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதற்குச் செம்பரம்பாக்கம் காரணமன்று. அந்த ஏரியின் உபரி திருநீர்மலைப் பக்கத்தில்தான் அடையாற்றோடு சேர்கிறது. முடிச்சூர் அதற்கு மேலே. அங்கே வந்தது ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகள் பலவற்றின் நீர். செம்பரம்பாக்கத்தின் மதகுக்காவது கேள்வி கேட்க ஓர் அதிகாரி இருந்தார். பெயரறியாச் சிற்றேரிகளின் மதகுக்கும் கலங்கலுக்கும் யாரைக் கேட்பது?

மீண்டும் அடுக்ககத்துக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் 1994இல் அடுக்குமாடி உரிமைச் சட்டம் வந்தது. அதன் இடத்தில் 2022இல் புதியதொன்று இயற்றப்பட்டது. தொட்டி, பம்பு, பொதுக்குழாய் ஆகியவை எல்லோர்க்கும் பொது, அவற்றைச் சங்கம் பேண வேண்டும் என்பது இத்தகைய சட்டங்களின் சாரம். ஆனால் சுவருக்குள் மறைந்த குழாயில் எதுவரை பொது, எங்கிருந்து தனி என்பதில்தான் சங்கக் கூட்டங்கள் இரவு பதினொன்றைத் தாண்டும். வீட்டுக்கு வீடு தனி வால்வு வைத்துவிடலாம் என்று நான் குடியிருக்கும் அடுக்ககத்தில் ஒருமுறை பேச்செழுந்தது. மேல்வீட்டார் உடனே சம்மதித்தார்கள். கீழ்வீட்டார், எங்களுக்கு அழுத்தம் நன்றாக இருக்கிறது, சுவரை ஏன் உடைக்க வேண்டும் என்றார்கள். வாடகைக்கு விட்டிருந்த இருவர் கூட்டத்துக்கே வரவில்லை. மேல்மடை, கடைமடைப் பூசல் வேறெப்படி இருந்திருக்கும்! இறுதியில் ஒவ்வொரு செங்குத்துக் குழாய்க்கும் தொட்டியடியில் தனி வால்வு வைப்பதென்று முடிவாயிற்று. இப்போது சமையலறைக் குழாயில் வேலையென்றால் குளியலறைகளுக்கு நீர் வரும். முழு விடுதலை இல்லை. முன்பிருந்ததைவிடப் பாதி மேல்.

அந்த வால்வுகளில் எது எந்தக் குழாய்க்கு என்பதை அறிந்தவர் ஒருவர்தான், எங்கள் காவலாளி. தொலைவான வேறு மாநிலத்திலிருந்து வந்தவர். காலை ஐந்தரைக்கு மோட்டார் போடுவதும், தொட்டி நிரம்பி வழியுமுன் நிறுத்துவதும், பிளம்பர் வந்தால் மொட்டைமாடிக்கு அழைத்துப்போய்ச் சக்கரத்தைக் காட்டுவதும் அவர் வேலை. ஆண்டுக்கு இருமுறை எல்லா வால்வையும் ஒருமுறை மூடித் திறந்தால் உப்புப் படியாது என்று பிளம்பர் சொன்னதைக் கேட்டு அவரே செய்துவருகிறார். சங்கத் தீர்மானப் புத்தகத்தில் இது எங்கும் இல்லை. தண்ணீர் நிற்கும் அறிவிப்பும் அவருக்குத்தான் முதலில் தெரியும். வீட்டுவேலைக்கு வரும் பெண்களுக்கோ யாரும் சொல்வதில்லை. அவர்கள் பத்தரைக்கு வந்து, குழாயைத் திறந்து பார்த்து, அண்டா நீரில் மொண்டு பாத்திரம் துலக்கி, அரை மணி நேரம் தாமதமாக அடுத்த வீட்டுக்குப் போகிறார்கள்.

2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளும் சிட்லபாக்கம் முதலான ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி ஆயின. சிட்லபாக்கம் ஏரியும் செம்பாக்கம் ஏரியும் தூர்வாரிக் கரை கட்டப்பட்டு நடைபாதை கண்டன. நல்ல பணி, மாலையில் அங்கே நடப்பது இன்பம். ஏரி நிறையும் மழைக்காலத்தில் ஒரு பழைய வழக்கு மட்டும் புது உருவில் திரும்பியிருக்கிறது. கரைக்குக் கீழே வீடு உள்ளவர், வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே நீர்மட்டத்தைக் குறைத்து வைக்கச் சொல்கிறார். ஆழ்துளைக் கிணற்றை நம்பியிருக்கும் அடுத்த தெருக்காரர், சித்திரை வரை ஊறவேண்டும், ஒரு சொட்டும் விடாதீர்கள் என்கிறார். இருவரும் வரி கட்டுபவர்கள். இருவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. அக்டோபர் வந்தால் இருவரும் ஏரிக்கரையில் நின்று மேகத்தைப் பார்க்கிறார்கள். மதகைத் திருகும் இரும்புச் சாவி யாரிடம் இருக்கிறது என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறார்கள்.